நாள் முழுக்கக் கடை வைத்தால் எழுத்து எப்போது வரும்?

"ரீச்சர், இன்றைக்கு என்ன செய்தாய் என்று கேட்டால் கடை வைத்தேன் என்கிறாள். நேற்றும் கடை, முந்தாநாளும் கடை. விளையாடத்தான் என்றால் வீட்டிலேயே விளையாடலாமே?" சென்ற பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய் இப்படிக் கேட்டார். குரலில் கோபம் இல்லை, கவலைதான் இருந்தது. மகள் அடுத்த வருடம் முதலாம் தரத்துக்குப் போக வேண்டியவள். பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் அதே வயதுப் பிள்ளை வேறொரு முன்பள்ளிக்குப் போகிறது. அ முதல் ஃ வரை கொப்பி நிறைய எழுதுகிறது, ஆங்கிலத்தில் நூறு வரை எண்ணுகிறது. ஐந்தாம் தரத்துப் புலமைப்பரிசில் பரீட்சையின் பயம் நான்கு வயதிலேயே வீட்டுக்குள் வந்துவிட்டது. மற்றப் பெற்றோரும் அந்தத் தாயின் பேச்சுக்குத் தலையாட்டினார்கள். அங்கே கிடைத்த சில நிமிடங்களுக்குள் சொல்ல முடிந்ததைச் சொன்னேன். அதற்குள் அடங்காதது நிறைய இருக்கிறது. அந்தக் கேள்வியும் என்னை விடுவதாக இல்லை.

எங்கள் முன்பள்ளி திருகோணமலையில், உப்புவெளிப் பக்கம், கடற்கரையிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது. மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளைகள், சுற்றுலா விடுதிகளில் வேலை செய்பவர்களின் பிள்ளைகள், உத்தியோகத்தர் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் வருகிறார்கள். விறாந்தையின் ஒரு மூலையைப் பிள்ளைகளுக்கு விட்டிருக்கிறோம். அங்கே வெறும் பால்மாப் பேணிகள், சிரட்டைகள், பழைய சாரங்கள், ஒரு சுளகு, வேலை செய்யாத கணிப்பான், ஒரு பெட்டி நிறைய மஞ்சாடி விதைகள் கிடக்கின்றன. விதைகளை மட்டும் எடுக்கும்போதும் வைக்கும்போதும் நாங்கள் பக்கத்தில் இருப்போம். மற்றவை எல்லாம் அவர்கள் பாடு. அந்த மூலைக்குள் திருகோணமலை முழுவதும் வந்து போகிறது. கதிரைகளை வரிசையாகப் போட்டால் அது நிலாவெளி பஸ். "பின்னுக்குப் போங்கள், பின்னுக்கு இடம் இருக்கிறது" என்று நடத்துநர் கத்துவார். பூவரசம் இலையைக் கிழித்து டிக்கெட் கொடுப்பார். மிச்சக் காசை இறங்கும்போது தருவதாகச் சொல்லி இலையின் பின்புறத்தில் விரலால் எழுதுவார். பாயை விரித்தால் அது கடல். ஒருமுறை, பொலித்தீன் தின்ற மான் ஒன்று வயிற்றுவலியில் துடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தது. பிரட்றிக் கோட்டையிலிருந்து நகரத் தெருக்கள் வரை மான்கள் குப்பை கிளறித் திரிவதைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு இந்த நோய் எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அந்தத் தாயின் மகள் வைத்த கடைக்கு வருகிறேன். அந்த வாரம் அவளுடைய கடையில் ஒரு புதிய பொருள் சேர்ந்திருந்தது: கடன் கொப்பி. எங்கள் தெருக் கடைகளில் இருப்பது போன்றதே. வாங்க வந்தவன், காசாகக் கொடுக்கும் இலை தீர்ந்துவிட்டது என்றான். அவள் சற்று யோசித்தாள். பிறகு ஒரு பழைய கொப்பியை எடுத்து, பென்சிலால் ஒரு நீளமான நெளிகோடு போட்டாள். "பருப்பும் சீனியும். நாளைக்குத் தரவேண்டும்." அடுத்து வந்தவள் ஒரு தீப்பெட்டி மட்டும் வாங்கினாள், அவளுக்கு ஒரு சின்னக் கோடு. மறுநாள் காலை, கடன்காரனைப் பிடித்துக் கொப்பியைத் திறந்து, அந்த நீளமான கோட்டைச் சரியாகக் காட்டி, பருப்புக்கும் சீனிக்கும் இலை கேட்டாள். எழுத்து எப்போது வரும் என்று தாய் கேட்ட பிள்ளை, ஒரு கோடு ஒரு பொருளுக்காக நிற்கலாம், அது நாளைக்கும் அதையே சொல்லும் என்பதைத் தானே கண்டுபிடித்திருந்தாள். கைப்பழக்கமாக நூறு தடவை 'அ' போடுகிற பிள்ளைக்கு இந்த விஷயம் விளங்கியிருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம். ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி எழுத்தின் தொடக்கத்தைப் பிள்ளையின் சைகையிலும் பாவனை விளையாட்டிலும் படம் கீறுவதிலும்தான் தேடினார். இலை காசாகிறது, தடி குதிரையாகிறது. அந்த வழியில்தான் கோடு ஒலியாகவும் ஆக முடியும்.

சுவாமி அசையக் கூடாது

இனிச் சொல்லப்போவது சிவராத்திரி முடிந்த வாரத்தில் நடந்தது. கோணேசர் நகர்வலம் வரும் நாட்கள் அவை. வாசல்தோறும் நிறைகுடம் வைத்து, இரவில் நேரம் கழித்தும் பிள்ளைகள் விழித்திருந்து பார்ப்பார்கள். காலையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தவர்கள், வந்தவுடனேயே மூலைக்குப் போய்விட்டார்கள். பச்சைச் சாரம் ஒன்று கதிரையின் மேல் பட்டாக விரிந்தது. கடதாசியைச் சுருட்டி நாதஸ்வரம். பால்மாப் பேணி தவில். ஒரு சிறுமி, தானே ஐயர் என்றாள், யாரும் மறுக்கவில்லை. முஸ்லிம் பிள்ளை ஒருத்தி, திருவிழாவென்றால் கச்சான் கடை வேண்டும் என்று சுளகை எடுத்துக்கொண்டு ஓரமாக இருந்துவிட்டாள். சுவாமி யார் என்பதில்தான் இழுபறி. கடைசியில் அந்தப் பொறுப்பு எங்கள் வகுப்பிலேயே மிகவும் துடியாட்டமான பையனிடம் போனது. ஒரு பாட்டு முடியும் வரைகூட ஓரிடத்தில் இருக்காதவன் அவன். தாய் அவனைக் கொண்டுவந்து விடும்போதெல்லாம் "இன்றைக்காவது இருப்பானா ரீச்சர்?" என்று கேட்பார்.

கதிரையோடு அவனைத் தூக்கக் கிளம்பினார்கள். விழுந்துவிடுவான், கதிரையைத் தூக்கக் கூடாது என்றேன். விளையாட்டு அதோடு கலைந்துவிடும் என்றுதான் எதிர்பார்த்தேன். ஐயராக இருந்த சிறுமி இரண்டு கணம் நின்றாள். "அப்படியென்றால் சுவாமி இருக்கட்டும். வீடுகள் நடக்கட்டும்" என்றாள். உடனே ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வீடாகிவிட்டது. சிரட்டையில் இலை வைத்து நிறைகுடமாகக் கையில் ஏந்திக்கொண்டு, வீடுகள் வரிசையாகச் சுவாமியிடம் வரத் தொடங்கின. உப்புவெளி வீடு வந்தது, ஆஸ்பத்திரி வீடு வந்தது, அப்பப்பாவின் வீடு வந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் பூசை, ஒவ்வொரு வீட்டுக்கும் அரோகரா. "சுவாமி அசையக் கூடாது" என்று ஐயர் தொடக்கத்திலேயே சட்டம் போட்டிருந்தாள். அவன் அசையவில்லை. முதுகு நிமிர்ந்து, இரண்டு கையும் முழங்காலில், கண் நேரே பார்த்தபடி இருந்தான். கச்சான்காரி ஒரு கை மஞ்சாடி விதையை நீட்டியபோது, உதடு மட்டும் மெதுவாக அசைந்தது: "சுவாமி பிறகு சாப்பிடுவார்." எல்லா வீடுகளும் வந்து வணங்கிப் போய்முடியும் வரை அவன் அப்படியே இருந்தான். நான் கையில் வைத்திருந்த வரவுப் பதிவேட்டை மறந்து நின்றேன்.

இத்தனை வருட ஆசிரியத் தொழிலில் பாவனை விளையாட்டைப் பற்றி நான் வாசித்ததும் கேட்டதும் எல்லாம் அந்தக் கதிரையின் முன் வந்து ஒன்றுசேர்ந்தன. மனுயிலென்கோ என்ற ரஷ்ய ஆய்வாளர் 1948இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. சின்னப் பிள்ளைகளை அசையாமல் நில் என்று சொன்னால் நிற்கும் நேரத்தைவிட, நீதான் காவல்காரன் என்று சொல்லி விளையாட்டுக்குள் நிறுத்தினால் அவர்கள் அதிக நேரம் நின்றார்கள். வைகோட்ஸ்கி 1933இல் ஆற்றிய விரிவுரையில் சொன்னதும் இதையொட்டியதே: விளையாட்டில் பிள்ளை தன் அன்றாட நடத்தையைவிட ஒரு தலை உயரமாக நிற்கிறது. விளையாட்டு என்றால் கட்டுப்பாடு இல்லாத நேரம் என்று பெரியவர்கள் நினைக்கிறோம். உண்மையில் அங்கேதான் பிள்ளை தன்னைத் தானே இறுக்கிக் கட்டுகிறது, ஏனென்றால் சட்டத்தை மீறினால் விளையாட்டே இல்லாமல் போய்விடும். சுவாமி எழுந்து ஓடினால் நகர்வலம் ஏது? வைகோட்ஸ்கி இன்னொரு சம்பவத்தையும் எடுத்துச் சொல்கிறார். ஐந்தும் ஏழும் வயதான இரண்டு அக்கா தங்கைகள், "வா, அக்கா தங்கை விளையாடுவோம்" என்று சொல்லி விளையாடினார்களாம். உண்மையில் அக்கா தங்கையாக இருக்கும்போது கவனிக்காதவற்றை, விளையாட்டில் அக்கா தங்கையாக இருக்கும்போது அவர்கள் கவனமாகச் செய்தார்கள்.

அந்தப் பையன் மறுநாள் மாறிவிட்டான் என்று சொல்லமாட்டேன். பாட்டு நேரத்தில் வழக்கம்போல எழுந்து ஓடினான். ஆனால் அவனால் இருக்க முடியாது என்று இனி யாரும் என்னிடம் சொல்ல முடியாது. தாயிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் நம்ப முடியாமல் இரண்டு தரம் கேட்டார். இப்போது கை கழுவ வரிசையில் நிற்கும் நேரத்தில் அவனுக்குக் கோட்டை வாசல் காவல் வேலை கொடுக்கிறோம். மான்கள் குழாயடிக்கு வராமல் பார்க்க வேண்டும். பல நாட்களில் அது போதுமானதாக இருக்கிறது.

மதிப்பெண்ணுக்காக அல்ல

இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் என் வாதம் சுலபமாக இருக்கும்: விளையாடினால் எழுத்து வரும், பொறுமை வரும், ஆகவே விளையாட விடுங்கள். பல கட்டுரைகள் அப்படித்தான் முடிகின்றன. எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. 2013இல் ஆஞ்சலின் லில்லார்டும் வேறு சில ஆய்வாளர்களும் அதுவரை வந்திருந்த ஆய்வுகளையெல்லாம் எடுத்து அலசிப் பார்த்தார்கள். பாவனை விளையாட்டுத்தான் அறிவு வளர்ச்சிக்குக் காரணம் என்று அடித்துச் சொல்ல, கையிலிருக்கும் சான்றுகள் போதாது என்பது அவர்கள் கண்ட முடிவு. அது பல வழிகளில் ஒன்றாக இருக்கலாம். அல்லது வேறொரு திறமையோடு கூட வருகிற ஒன்றாகவும் இருக்கலாம். இத்தாலியக் கல்வியாளர் மரியா மொண்டிசோரி அம்மையாருக்கோ பாவனை விளையாட்டில் பெரிய நாட்டமே இருக்கவில்லை. பிள்ளைக்குப் பொம்மைச் சமையலறை எதற்கு, அதன் கைக்கு அளவான உண்மையான பாத்திரத்தைக் கொடுங்கள் என்பது அவருடைய வழி. எங்கள் ஊரில் முன்பள்ளியையே மொண்டிசோரி என்று அழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த அம்மையார் சொன்னதிலும் நியாயம் உண்டு: வெண்டிக்காய் நறுக்கப் பழகுகிற பிள்ளையின் முகத்தில் தெரியும் பெருமிதம் சிறியது அல்ல.

ஆகவே விளையாட்டுக்கு மதிப்பெண் வாங்கித்தரும் பொறுப்பைச் சுமத்த நான் விரும்பவில்லை. அப்படிச் சுமத்தினால், நாளைக்கு வேறொரு ஆய்வு வந்து பயிற்சிக் கொப்பிதான் மதிப்பெண் தரும் என்றால், மூலையைக் காலிசெய்து மேசை போட்டுவிடுவோம். 1989இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமை சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை, ஓய்வும் விளையாட்டும் பிள்ளையின் உரிமை என்கிறது. இலங்கை அதை 1991இல் ஏற்று உறுதிப்படுத்தியது. விளையாடினால் கெட்டிக்காரர் ஆகலாம் என்பதால் தரும் சலுகை என்று அங்கே எழுதவில்லை. அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம்முடைய பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள், ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் சிற்றிலுக்கும் சிறுபறைக்கும் சிறுதேருக்கும் தனித்தனி இடம் வைத்தார்கள். சிறுமியர் மணலில் கட்டிய வீட்டைக் காலால் சிதைக்காதே என்று பாட்டுடைத் தலைவனையே கெஞ்சிக் கேட்கும் பருவம் சிற்றில். மணல் வீடும் வீடுதான், அதைச் சிதைப்பது குற்றம்தான் என்று ஏற்றுக்கொண்ட மொழி நமது. எங்கள் தலைமுறை குரும்பட்டியில் ஈர்க்குக் குத்தித் தேர் செய்தது. பூவரசம் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதியது. அவற்றால் எந்தப் பரீட்சையில் எவ்வளவு கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை.

அலை விளையாட்டு

பயமுறுத்தும் விளையாட்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, முகாம்களில் பிள்ளைகளோடு இருந்த நாட்களில், அவர்கள் திரும்பத் திரும்ப ஒரே விளையாட்டை விளையாடினார்கள். ஒருவன் "கடல் வருகிறது" என்று கத்துவான். மற்றவர்கள் வாங்கு மேலே ஏறுவார்கள். ஏற முடியாதவர்கள் கீழே படுப்பார்கள். பெரியவர்களால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஒரு பாட்டி அழுதுகொண்டே ஓடிவந்து அடித்து நிறுத்தினார். அவரைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. அவர் இழந்தவை அவருக்குத்தான் தெரியும். ஆனால் அந்த விளையாட்டை நிறுத்தக் கூடாது என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். தன்மேல் வந்து விழுந்த ஒன்றை, தானே தொடங்கித் தானே முடிக்கும் ஒன்றாக மாற்றிக்கொள்ளப் பிள்ளைக்கு வேறு வழி கிடையாது. மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா, போரால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்குக் கதையும் களிமண்ணும் நாடகமும் கொண்டே ஆறுதல் தேடியது. அங்கே தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் சேர்ந்தே வந்தார்கள்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். நாட்கள் போகப் போக விளையாட்டுக் கதை மாறுகிறதா? எங்கள் முகாமில் சில வாரங்களில் ஒரு படகு வந்து சேர்ந்தது, பிறகு ஒரு டாக்டர் வந்தார், பிறகு படுத்திருந்தவர்கள் எழுந்து தேநீர் குடித்தார்கள். கதை இப்படி நகர்ந்தால் பயப்படத் தேவையில்லை. மாறாமல் அதே இடத்தில் அதே நடுக்கத்தோடு முடிந்துகொண்டே இருந்தால், பிள்ளைக்கு விளையாட்டு மட்டும் போதாது, மனநல உதவி வேண்டும். இன்னொரு வகைக் கவனமும் தேவை. ஒரு வயதைத் தாண்டிய பிள்ளை வெறுங் கோப்பையில் குடிப்பதுபோல் செய்யத் தொடங்கும். இரண்டு வயதளவில் பொம்மைக்கு ஊட்டும். மூன்றுக்கு மேல் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து கதை கட்டும். இரண்டு வயது கடந்தும் பாவனையே இல்லை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பவும் இல்லை, விரல் நீட்டி எதையும் காட்டவும் இல்லை என்றால் பிள்ளை மருத்துவரிடம் காட்டுவதற்குத் தயங்க வேண்டாம். ஒட்டிசத்தை நேரத்தோடு கண்டுகொள்ளப் பயன்படும் கேள்விப் பட்டியல்களில் பாவனை விளையாட்டைப் பற்றிய கேள்வியும் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

பெரியவர் எங்கே உட்காருவது?

வீட்டில் என்ன வாங்கிக் கொடுக்கலாம் என்று கேட்கிறவர்கள்தான் அதிகம். வாங்க வேண்டியது அநேகமாக ஒன்றும் இல்லை. பிளாஸ்டிக் கேக் எப்போதும் கேக்காகத்தான் இருக்கும். சிரட்டை சட்டியாகும், தொப்பியாகும், படகாகும், நிறைகுடமாகும். கொடுக்க வேண்டியது நேரம். பிள்ளைகள் யார் தாய், யார் டாக்டர், கடல் எங்கே தொடங்குகிறது என்று பேசி முடிப்பதற்கே பாதி நேரம் போய்விடுகிறது. அந்தப் பேச்சுத்தான் விளையாட்டின் கனமான பகுதி. அது முடிந்து கதை தொடங்கும் நேரம் பார்த்து "சரி, அடுக்கி வையுங்கள், ரியூஷனுக்கு நேரமாகிவிட்டது" என்றால், பிள்ளைக்கு மிஞ்சுவது இடிந்த வீடு மட்டும்தான்.

கேள்வி கேட்பதையும் கொஞ்சம் நிறுத்த வேண்டும். கடை வைத்திருக்கும் பிள்ளையிடம் போய் "இது என்ன நிறம்? ஐந்தோடு மூன்று எத்தனை?" என்று கேட்டால், அந்தக் கணமே கடை மறைந்து வகுப்பறை வந்துவிடுகிறது. "முதலாளி, உழுந்து இருக்கிறதா? அரைக் கிலோ போடுங்கள்" என்று கேட்டால் கடை நிலைக்கிறது, அவள் அளப்பாள், எண்ணுவாள், விலை சொல்வாள். கூப்பிட்டால் போக வேண்டும், கொடுத்த வேடத்தை ஏற்க வேண்டும். நோயாளியாகப் படுக்கச் சொன்னால் படுப்பதே மரியாதை. கூப்பிடாவிட்டால் தள்ளி இருந்து பார்ப்பதும் ஊக்கம்தான். கதை ஓரிடத்தில் தேங்கி நின்றால், உள்ளேயிருந்தே ஒரு சிக்கலைக் கொடுக்கலாம்: பஸ்ஸுக்குக் காற்றுப் போய்விட்டது, மணமகளின் தாலியைக் காணவில்லை. தீர்வை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பிள்ளை "எங்கள் குசினிக்குள் மான் வந்தது" என்று சொன்னால் பொய் சொல்லாதே என்று அதட்டுகிற வீடுகளும் உண்டு. மூன்று வயதுப் பிள்ளைக்கே நினைப்பில் இருக்கும் பொருளுக்கும் கையில் இருக்கும் பொருளுக்கும் வேறுபாடு தெரியும். அந்த மானுக்கு என்ன சாப்பிடக் கொடுத்தாய் என்று கேட்டுப் பாருங்கள்.

அம்மாக்களும் அம்மம்மாக்களும் ஏதோ ஒரு வகையில் இதைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். அப்பாக்கள்தான் வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி ஹோர்ன் அடிப்பதோடு நின்றுவிடுகிறார்கள். சென்ற மார்கழியில், வாடைக்காற்றில் கடலுக்குப் போகாமல் இருந்த ஒரு தகப்பன் மகளைக் கூட்டிப்போக நேரத்தோடு வந்தார். மகள் சுளகில் இலைகளைப் பரப்பி மீன் விற்றுக்கொண்டிருந்தாள். அவர் குனிந்து, சூடை என்ன விலை என்று கேட்டார். அவள் சொன்னாள். அவ்வளவா, குறைக்க மாட்டீர்களா என்றார். "கடல் கொந்தளிப்பு அண்ணை, மீன் படவில்லை" என்றாள் அவள், தகப்பனை முன்பின் தெரியாத வாடிக்கையாளராகவே பார்த்து. அவர் சிரிக்கவில்லை. தலையாட்டி ஏற்றுக்கொண்டு, பூவரசம் இலைகளை ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார். பிறகு சின்னக் கதிரை ஒன்றில் அமர்ந்து, எந்தப் பக்கம் காற்றடித்தால் எந்த மீன் படும் என்று அவளோடு தொழில் பேசத் தொடங்கினார். அவரைச் சுற்றி மற்றப் பிள்ளைகளும் கூடிவிட்டார்கள். அடுத்த வாரம் கிழிந்த வலைத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். கழுத்தில் சுற்றிக்கொள்ள முடியாத அளவுக்குச் சிறிதாக வெட்டி, மூலையில் போட்டிருக்கிறோம்; இப்போது கடைக்குப் பக்கத்தில் வலை பொத்தும் வேலையும் நடக்கிறது.